தாள் எண் இரண்டு

என் நியமனத் தாள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. மறுப்பு இல்லை, கையெழுத்தும் இல்லை. வலது மேல் மூலையில் பென்சிலால் "2" என்று எழுதியிருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மூன்று ஊசித் துளைகள். கடிதமோ குறிப்போ எதுவும் உறையில் இல்லை.

எங்கள் ஊர்களில் கோப்பு என்றால் தைத்த கோப்பு. தாள்களை அடுக்கி, ஓரத்தில் மூன்று துளை போட்டு, தடித்த வெள்ளை நூலால் தைத்து, பின்பக்க முடிச்சின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, பாதி துண்டிலும் பாதி தாளிலும் விழும்படி முத்திரை குத்துவார்கள். நூலை அறுக்காமல் ஒரு தாளைக்கூட உருவ முடியாது. தைப்பதற்கு முன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போடுவார்கள். ஆகவே, மாகாணத் தலைநகரில், ஆளுநர் அலுவலகத்தின் நியமனப் பிரிவில் யாரோ என் தாளை எடுத்து, இரண்டு என்று எண் போட்டு, தைத்து, பிறகு நூலைப் பிரித்து, எனக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு முறையல்ல, மூன்று முறை.

தாள் ஒன்று எது?

முதல் முறை திரும்பியபோது, மேலே பட்டச் சான்றிதழை வைத்து அனுப்பினேன். இரண்டாம் முறை, என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று காவல்துறை கொடுத்த சான்றும், என் கையால் எழுதிய வாழ்க்கைக் குறிப்பும் வைத்தேன். அவையும் உறையில் திரும்பி வந்தன. அவற்றில் எண்ணும் இல்லை, துளையும் இல்லை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று நவம்பர் ஒன்பது. காமா ஆற்றின் ஓரங்கள் உறைந்துவிட்டன. எனக்கு ஆளுநரின் கையெழுத்து இரண்டு வாரத்துக்குள் வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் மூன்றாம் எண் கொதிகலன் வெடிக்கும். அது எனக்கு மட்டும்தான் உறுதியாகத் தெரியும்.

ஸ்தாரோகாம்ஸ்க் பதினோராயிரம் பேர் வாழும் ஊர். எல்லோர் வீட்டுக் கதகதப்பும் ஒரே இடத்திலிருந்துதான் போகிறது: ஆற்றங்கரையில் செங்கல் புகைபோக்கி வைத்த எங்கள் கொதிகலன் நிலையம். உள்ளே மூன்று கொதிகலன்கள். மூன்றும் ஓடினால்தான் பள்ளி, மருத்துவமனையின் பிரசவ வார்டு, அடுக்குமாடிகள் எல்லாம் தாங்கும். மூன்றாவதுதான் மூத்தது. அதன் மேல் உருளைக்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள் வந்து பொருந்துகின்றன. அந்தப் பொருத்துகளைச் சுற்றி உலோகத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால் வெளியே சொட்டுக்கூடத் தெரியாது. கசியும் நீர் அந்தச் சூட்டில் உடனே ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்து நிற்கும். அந்த வெள்ளைதான் எச்சரிக்கை. அது நீண்டால் விரிசலும் நீள்கிறது என்று பொருள்.

காலைப் பணியின் தலைவர் பகோமிச் அந்த வெள்ளைக் கோட்டுக்குத் "தாடிக்காரன்" என்று பெயர் வைத்திருந்தார். தினமும் அதன் நுனியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதுவார்.

"தைசியா பாவ்லோவ்னா, தாடிக்காரன் நேத்தைக்கு இன்னிக்கு ஒரு விரக்கடை வளந்துட்டான். என் மருமகன் மாதிரி. சோறு போடாமலே வளர்றான்."

"அழுத்தம் எவ்வளவுல வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்ன ஒன்பதுதான். பதிமூணுல ஓட வேண்டியவனை ஒன்பதுல ஓட்டுறோம். அஞ்சாம் மாடிக்காரங்க போன்ல என் அம்மா வரைக்கும் இழுக்கறாங்க. செத்தவளை எதுக்குத் திட்டுறீங்கன்னு கேட்டேன். அப்ப நீ சாகுங்கறாங்க."

"குளிர் கூடினா?"

"கூடினா பன்னிரண்டாச்சும் வைக்கணும். இல்லன்னா பிரசவ வார்டுல குழாய் உறைஞ்சுடும்." அவர் உருளையை அண்ணாந்து பார்த்தார். "பன்னிரண்டுல இவன் என்ன செய்வான்னு நீங்கதான் சொல்லணும். நீங்கதானே படிச்சவங்க."

அவர் நிற்கும் இடத்திலிருந்து உருளை நான்கு மீட்டர். அவரோடு பணியில் இரண்டு பெண்கள்.

தீர்வு என் மேசையில் வரைபடமாகவே இருந்தது. எங்கள் நிலையத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி ரயில்வே பணிமனை இருக்கிறது. அங்கே நல்ல கொதிகலன் ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டையும் குழாயால் இணைத்துவிட்டால் மூன்றாம் எண்ணை அணைத்துவிடலாம். குழாயை வெல்டிங் செய்து பற்றவைக்க இரண்டரை நாள் போதும். குழாய்கள் மாகாணத்தின் அவசரக் கிடங்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஆளுநர் உறுதி செய்த தலைமைப் பொறியாளர் கையெழுத்து போட்டால்தான் கிடங்கு திறக்கும், பணிமனையும் ஒப்புக்கொள்ளும். பழைய தலைமைப் பொறியாளர் ஆகஸ்டில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். நான் "பொறுப்பு" மட்டுமே. பொறுப்பின் கையெழுத்துக்கு ஒரு அங்குலக் குழாய்கூடக் கிடைக்காது. நிலையத்தின் இயக்குநர் மேயரின் மைத்துனர். அவரிடம் போனால், "மேல இருந்து வரட்டும்மா, மேல இருந்து வரட்டும்" என்பார்.

பாதுகாப்பு ஆய்வாளரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் சட்டப்படி அன்றே கொதிகலனுக்கு முத்திரை வைப்பார்கள். மாற்று எதுவும் தயாராக இருக்காது. ஊர் இரண்டு நாளில் உறையும். இன்னொரு காரணமும் இருந்தது. அது என்னைப் பற்றியது.

கொதிகலனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது இப்படி: முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஓடும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக, பதினாறு வரை ஏற்றி, பத்து நிமிடம் அப்படியே விடவேண்டும். அழுத்தமானியின் முள் அசையக்கூடாது. அசைந்தால் எங்கோ கசிகிறது. போன ஆண்டு ஜூலையில் மூன்றாம் எண்ணில் ஆறே நிமிடத்தில் முள் பதினான்குக்கு இறங்கியது. தலைமைப் பொறியாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "தைசா, 'தாங்கியது'ன்னு எழுது. அடுத்த வருஷம் மாத்திடலாம். இப்ப எழுதலன்னா குளிர்காலத்துல யாருக்கும் சூடே கிடையாது" என்றார். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அவர் போடவில்லை. அவர் கெட்டிக்காரர்.

ஆகவே மூன்றாம் முறையும் "2" என்று வந்தபோது எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. தாள் ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சோதனை அறிக்கைதான் அது. யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதை மேலே வைத்து, என் நியமனத்தைக் கீழே வைத்துத் தைத்துப் பார்க்கிறார்கள். பார்த்தபின் யாருக்கும் கையெழுத்துப் போட மனம் வருவதில்லை, பிரித்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மேலே ஒன்று நின்றுவிட்டால் நம்மீது ஏதோ கறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைப்போம். உடனே அதைத் துடைக்கப் போவோம். நானும் போனேன்.

ஒவ்வொரு கொதிகலனுக்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. பிறந்த தொழிற்சாலை, எடை, ஒவ்வொரு பழுது, ஒவ்வொரு சோதனை எல்லாம் அதில் இருக்கும். அதுவும் தைத்ததுதான். மதிய உணவு வேளையில் அறையைப் பூட்டிக்கொண்டு, முத்திரைத் துண்டை நீராவியில் காட்டி உரித்து, நூலைப் பிரித்து, போன ஆண்டு அறிக்கையை உருவிவிட்டு, மறுபடி அதே துளைகளில் தைத்தேன். பெட்டகத்தில் இருந்த நகலைக் கிழித்துப் போட்டேன். ஆனால் உருவிய தாளை எரிக்க மட்டும் கை வரவில்லை. இருபத்தாறு ஆண்டு பொறியாளராக இருந்தவளால் அளவு எழுதிய தாளை எரிக்க முடியாது. வீட்டில், என் கம்பளிக் காலணிக்குள் திணித்து வைத்தேன்.

மறுநாள் ரயிலேறி மாகாணத் தலைநகருக்குப் போனேன்.

நியமனப் பிரிவின் தலைவர் கிளிம் அந்தோனோவிச். ஓய்வு பெற்ற கர்னல். எங்கள் ஆளுநர் இருபத்திரண்டு ஆண்டு ரகசியப் போலீஸில் இருந்தவர். பதவிக்கு வந்தபோது கூடவே அழைத்து வந்த ஐந்து பேரில் இவர் ஒருவர். அந்தத் துறையின் பெயரை எங்களில் யாரும் சொல்வதில்லை. "அங்க" என்போம், கையால் மேலே காட்டுவோம். கிளிம் அந்தோனோவிச் குட்டையாக, கம்பளி உள்சட்டையோடு, கால்வலிக்கு மருந்து மணக்க, பள்ளிக் கணக்கு வாத்தியார் போல இருந்தார். மேசையில் எண்களைச் சுழற்றும் பழைய தொலைபேசி ஒன்று. நான் உட்கார்ந்ததும் சுழல் தட்டின் ஒரு துளையில் பென்சிலைச் செருகினார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தால் ஒட்டுக்கேட்க முடியாது என்று நம்புவார்கள். இப்போதும் செய்கிறார்கள். அவர் அலுவலகத்தையே அவர் நம்பவில்லை.

"டீ குடிங்க. சர்க்கரை அடியில இருக்கு, கலக்கிக்கோங்க." உலோகப் பிடி போட்ட கண்ணாடிக் குவளையை நகர்த்தினார். "மூணு தடவை அனுப்பிட்டீங்க. பிடிவாதக்காரி. எனக்குப் பிடிச்சிருக்கு."

"கையெழுத்து வேணும், கிளிம் அந்தோனோவிச். குளிர் வருது. என் கொதிகலன் தாங்காது."

"தெரியும்."

"தாள் ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னும் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் வியப்போடு பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, இரும்புப் பீரோவிலிருந்து ஒரு வெற்று அட்டைக் கோப்பை எடுத்து என் முன் விரித்தார். என் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"இருந்தா நான் எதுக்கம்மா மூணு தடவை நூலைப் பிரிக்கறேன்? ரெண்டு மாசமா தேடறோம். பக்கத்து வீட்டுக்காரங்க, பழைய புருஷன், நீங்க படிச்ச காலேஜ். ஒண்ணும் கிடைக்கல. உங்க கோப்பு சுத்தம். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி."

"அது நல்லதுதானே?"

"கல்யாணத்துக்கு நல்லது."

அவர் பிஸ்கட் வளையம் ஒன்றைத் தேநீரில் முக்கினார். எரிச்சலே இல்லாமல், பாடம் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க வேலையில ஆள் சேக்கறது மூணு வழி. கொள்கைக்காக ஒருத்தன் வருவான். கொள்கை மாறினா போயிடுவான். காசுக்காக ஒருத்தன் வருவான். எவனாவது கூடக் குடுத்தா அங்க போவான். மூணாவது, காகிதத்துக்காக வர்றவன். அவன் கையால எழுதின காகிதம் ஒண்ணு என் பீரோவுல இருக்கும். அவன் மட்டும் எங்கயும் போக மாட்டான். முப்பது வருஷம் பாத்துட்டேன். மூணாவது ஆள்தான் நல்ல ஆள்."

"நான் உளவு பாக்க வரல. தண்ணி சூடு பண்ண வந்தேன்."

"உளவு பாக்க யாரு சொன்னா? ஆளுநர் ஒரு ஊரை உங்க கையில குடுக்கறாரு. குடுத்துட்டு ராத்திரி தூங்கணும் இல்ல? அவருக்குத் தெரிஞ்ச நம்பிக்கை இது ஒண்ணுதான். சின்ன வயசுல இருந்து வேற எதுவும் சொல்லிக் குடுக்கல. வெறும் சுத்தமான ஆளைப் பாத்தா அவருக்கு உடம்பு கூசுது. எதைப் பிடிச்சு நிறுத்தறது?"

நான் எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். "சரி, எழுதித் தர்றேன். நாப்பது டன் நிலக்கரியை வித்துட்டேன்னு எழுதறேன். போதுமா?"

"வித்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எழுதாதீங்க. பொய்யை ஒரு நல்ல வக்கீல் அரை மணியில உடைச்சிடுவான். தாள் தாங்கணும்மா. நீங்க இன்ஜினியர், உங்களுக்கு நான் சொல்லணுமா?" பென்சிலைத் தொலைபேசியிலிருந்து உருவினார். "போங்க. போய் யோசிங்க. எல்லாருக்கும் ஏதாவது இருக்கும்."

ரயிலில் திரும்பும்போது ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன். வெட்கத்தைவிட முதலில் வந்தது வேறொன்று. அமைப்பு புரிந்துவிட்டதில் வந்த ஒரு கேவலமான நிம்மதி. அழுத்தம் ஏறும் எந்தக் கலனையும் பாதுகாப்பு வால்வு இல்லாமல் ஓட்ட யாரும் அனுமதிக்க மாட்டார்கள். வால்வின் சங்கிலி இயக்குபவன் கைக்கு எட்டவேண்டும். நான் வால்வு இல்லாத கலன். என்னை எதற்கு ஓட்டுவார்கள்? ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் வால்வு அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும். இவர்களுடையது ஆளுநருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது திறக்கும்.

என்னிடம் உண்மையான தாள் இருக்கிறது. கம்பளிக் காலணிக்குள் இருக்கிறது. இரண்டு மாதம் தேடிக் கிடைக்காததை, கிடைத்துவிட்டது என்று பயந்து நானே ஒளித்து வைத்திருக்கிறேன். கொதிகலனின் பாஸ்போர்ட்டைப் பிரித்தது இரண்டாவது குற்றம்.

ஞாயிறு பகல் ரிம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஊர் மருத்துவமனையின் தலைமை மருத்துவர், என் வகுப்புத் தோழி. இரண்டு ஆண்டுக்கு முன் அவள் நியமனம் ஐந்தே நாளில் வந்தது. சமையலறையில் பீட்ரூட் வெந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்ததும் எழுந்து போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் தலையைக் குனிந்து பேசினோம்.

"உன்னோட ஒண்ணாம் தாள் என்ன?"

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"கணக்குப் போட்டேன்."

"தப்பான ரத்தம் ஏத்திட்டேன். ஒரு பொம்பள போயிட்டா. கேஸ் ஷீட்டை மாத்தி எழுதினேன். பழசும் புதுசும் ரெண்டுமே அவங்ககிட்ட இருக்கு." ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். "குடுத்தப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு, தைசா. பாவமன்னிப்பு மாதிரி. ஸ்கேன் மெஷின் கிடைச்சுது, ரெண்டு டாக்டர் கிடைச்சாங்க. நல்லா நடத்தினேன்."

"அப்புறம்?"

"மார்ச் மாசம் ஒருத்தனைக் கொண்டு வந்தாங்க. லாக்கப்புல இருந்து. இருபத்திமூணு வயசு. ஏழு விலா எலும்பு ஒடிஞ்சிருந்துச்சு. மாடிப்படியில விழுந்தான்னு எழுதச் சொன்னாங்க. சொன்னவன் கத்தவே இல்ல. கிளிம் அந்தோனோவிச் உங்களை நலம் விசாரிச்சாருன்னு மட்டும் சொன்னான்."

"எழுதினியா?"

"நம்ம ஊரு லாக்கப்புக்கு மாடியே கிடையாது, தைசா" என்றாள் ரிம்மா.

திங்கள் காலை வானிலை அறிக்கை வந்தது. சனிக்கிழமை முதல் மைனஸ் முப்பத்தொன்று. பகோமிச் என்னை உருளைக்குக் கீழே கூட்டிப் போனார். காதில் கைவைத்துக் காட்டினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. மிக மெல்லிய சீறல், உதட்டைக் குவித்து ஊதுவது போல. வெள்ளைக் கோடு அன்றைய சுண்ணக்கட்டிக் குறியைத் தாண்டி அடுத்த குழாயைத் தொட்டிருந்தது.

"தாடிக்காரன் பாட ஆரம்பிச்சுட்டான்" என்றார்.

"பொண்ணுங்களை அந்தப் பக்கம் நிறுத்துங்க, பகோமிச்."

"நிறுத்திட்டேன்."

"நீங்களும் போங்க."

"நான் போயிட்டா கேஜை யாரு பாக்கறது? கவர்னரா?" சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, இருமலாக மாறியது. "தைசியா பாவ்லோவ்னா, இவன் போன வருஷம் டெஸ்ட்ல நின்னானா?"

அவருக்கு முப்பத்தோரு ஆண்டு அனுபவம். தெரியாமல் கேட்கவில்லை.

"நிக்கல" என்றேன்.

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துப் புதுக் கோடு போட்டார், தேதி எழுதினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி கிளிம் அந்தோனோவிச்சின் முன் உட்கார்ந்திருந்தேன். நியமனத் தாளையும் சோதனை அறிக்கையையும் மேசையில் வைத்தேன். அறிக்கையில் காலணியின் கம்பளி இழைகள் ஒட்டியிருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். கண்ணாடி மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"இது உண்மை."

"உண்மை."

"பின்பக்கம் காலியா இருக்கு. அங்க எழுதுங்க. முள்ளு எதுல நின்னுச்சு, நீங்க என்ன எழுதினீங்க, தெரிஞ்சே ஏன் எழுதினீங்கன்னு. ஓரத்துல துளை இருக்கு, பாஸ்போர்ட்டுல இருந்து தாளை உருவினதையும் எழுதிடுங்க. கையெழுத்து போடுங்க. தேதி போடாதீங்க."

"ஏன்?"

"என்னைக்கு வேணுமோ அன்னைக்கு நாங்க கண்டுபிடிப்போம்."

எழுதினேன். பதினொரு வரி. என் கையெழுத்து எப்போதும் வரைபட எழுத்து போல நேராக இருக்கும். அன்றும் நேராகவே இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர் மையின் மேல் ஊதினார். மூலையில் பென்சிலால் "1" என்று எழுதினார். அதன்கீழ் என் நியமனத் தாளை வைத்துத் தட்டிச் சமன் செய்தார். இழுப்பறையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார். மூன்று முறை முயன்றும் நூல் நுழையவில்லை.

"கண்ணு தெரியலம்மா. கோத்துக் குடுங்க."

ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தேன். அவர் பழைய துளைகள் வழியாகவே ஊசியை விட்டார். நியமனத் தாளில் ஏற்கெனவே மூன்று இருந்தன. தாள் ஒன்றின் துளைகள் அவற்றோடு பொருந்தாததால் அதில் மட்டும் புதிதாகக் குத்தவேண்டியிருந்தது.

"உங்களுக்கும் ஒண்ணு இருக்கா, கிளிம் அந்தோனோவிச்?"

"இருக்கே. ஆளுநரோட பெட்டகத்துல."

"ஆளுநருக்கு?"

"மாஸ்கோவுல. அவருக்கு மேலதிகாரியா இருந்தவர்கிட்ட."

"அவருக்கு?"

தொலைபேசியில் பென்சில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. "மேல போகப் போக ஒண்ணாம் தாளு தடிமனாகும். அவ்வளவுதான். அதனாலதான் நாங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பறோம். யாரு கையை யாரு விட்டாலும் எல்லாரும் விழுவோம்." முடிச்சுப் போட்டார். "வெளியில இருக்கறவங்க எங்களுக்குப் பயப்படறாங்க. எங்களை மாதிரி பயந்தவங்க யாரும் இல்லம்மா."

"என்கிட்ட எதைக் கேப்பீங்க?"

"இன்னும் தெரியல. ஒண்ணும் கேக்காமலும் போகலாம்." காகிதத் துண்டை ஒட்டி, முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஊதி, அழுத்தினார். "ஒரு தெருவுல மட்டும் சூடு போகாம நிறுத்தச் சொல்லலாம். எவனாவது அங்க உக்காந்துக்கிட்டு எதையாவது எழுதுவான், அந்த மாதிரி. அப்ப பாத்துக்கலாம். டீ ஆறிடுச்சு, வேற போடச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். தைத்த கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகோமிச் அந்நேரம் கேஜைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவு திறந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. தாள் இரண்டின் அடியில் பச்சை மையில் ஆளுநரின் கையெழுத்து இருந்தது. எனக்கு நகல் ஒன்று கொடுத்தார். தைத்த கோப்பு பீரோவுக்குள் போனது.

புதன்கிழமை குழாய்கள் இரண்டு லாரிகளில் வந்தன. பணிமனை அதிகாரி என் கையெழுத்தை இருமுறை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். இரண்டு குழுக்கள் முறை வைத்துப் பற்றவைத்தன. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு பத்துக்குப் பணிமனையின் நீராவி எங்கள் குழாய்க்குள் வந்தது. பகோமிச் மூன்றாம் எண்ணின் நெருப்பை அணைத்தார். முள் ஒன்பதிலிருந்து எட்டு, ஏழு என்று இறங்கி, ஐந்துக்கு வந்தபோது சீறல் நின்றது. பூஜ்யத்துக்கு வரும்வரை யாரும் அங்கிருந்து நகரவில்லை. சனிக்கிழமை மைனஸ் முப்பத்துமூன்று. பிரசவ வார்டில் இருபத்திரண்டு டிகிரி. நானே போய் வெப்பமானியைப் பார்த்தேன். ஜன்னலோரம் நின்ற ரிம்மா என்னைப் பார்த்தாள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மாகாணத்தில் இன்னும் சிலருக்கு நியமனத் தாள் அப்படியே திரும்பி வருகிறது என்று கேள்விப்படுகிறேன். மூலையில் "2", ஓரத்தில் மூன்று துளை, மறுப்பு இல்லை, கையெழுத்தும் இல்லை. பட்டச் சான்றிதழை வைக்காதீர்கள். வழக்கு இல்லை என்ற சான்றை வைக்கவே வைக்காதீர்கள். தாள் ஒன்று என்பது உங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரு குற்றம். அது நடந்ததாக இருக்கவேண்டும், உங்கள் கையால் எழுதியிருக்கவேண்டும், கீழே தேதி இருக்கக்கூடாது. அதை மேலேயும் நியமனத்தைக் கீழேயும் வைத்து, அதே மூன்று துளைகளில் தைத்தால், கையெழுத்து நாற்பது நிமிடத்தில் கிடைக்கும்.